கச்சேரி வாசலில் எந்த மொழி

மார்த்தாண்டத்திலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் போனால் சிதறால். ரப்பர் தோட்டங்களுக்கு மேலே எழும்பி நிற்கும் பாறையை ஊர்க்காரர்கள் மலைக்கோவில் என்கிறார்கள். கல்வெட்டு அதைத் திருச்சாரணத்து மலை என்கிறது. கல் பாவிய பாதையில் ஏறி, பாறைகளுக்கு இடையே நுழைந்து அந்தப் பக்கம் இறங்கினால், சரிந்து நிற்கும் பெரும்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். முக்குடைக்குக் கீழே ஒருவர், படமெடுத்த நாகத்தின் நிழலில் பார்சுவநாதர், சிங்கமும் குழந்தைகளும் அருகிருக்க அம்பிகை. அங்கே வட்டெழுத்தில் சில வரிகள் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் இம்மலையின் படாரியாருக்குப் பொன் காணிக்கை கொடுத்த செய்தி அது. ஒரு பெண் துறவியின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்தக் கல்லில் இருக்கிறது. பின்னாளில் சமணம் இந்த மலையை விட்டுப் போனது. படாரியார் இருந்த இடத்தில் பகவதி வந்தாள்.

இதுபோன்ற கல்வெட்டுகளைக் காட்டி, இது தமிழ் மண் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆய் மன்னர்களின் செப்பேடுகளும் அவர்களுக்குத் துணை. புதுக்கடைப் பக்கமுள்ள பார்த்திவசேகரபுரத்தில் கருநந்தடக்கன் 866இல் கோவிலும், 95 சட்டர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் ஏற்படுத்தியதைச் சொல்லும் செப்பேட்டின் மொழி தமிழ்தான். ஆனால் கேரள வரலாற்றாசிரியர்களும் ஆய் நாட்டைத் தங்கள் வரலாற்றின் முதல் அத்தியாயங்களில் வைக்கிறார்கள். அதில் பிழை இல்லை. இந்தப் பகுதியின் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பித்ததே திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறைதான். குரத்தியார் பொன் கொடுத்த நாளில் தமிழ்நாடு, கேரளம் என்று இரண்டு அரசுகள் இல்லை. களியக்காவிளையில் சோதனைச்சாவடியும் இல்லை. ஓர் இனம் தன்னை உணர்வதும் தனக்கென ஆட்சி கேட்பதும் பழம்பெருமையிலிருந்து பிறக்கின்றன என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த கதையைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கோர்ட்டிலும் தாலுகா கச்சேரியிலும் தலைநிமிர்ந்து நிற்க முடியாமல் இருந்தவர்கள், அந்த இடங்களைத் தங்களுடையதாக்கிக்கொள்ளப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில்தான் மொழி அவர்களை ஓர் இனமாகக் கூட்டியது. இதைத் தெளிவாகப் பார்க்க, நமக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு சின்ன நாடு கைகொடுக்கிறது.

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லாட்வியாதான் அது. 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இன்றைய லாட்வியாவின் மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 19 லட்சத்துக்கும் குறைவு. நம் மாவட்டம் 1,684 சதுர கிலோமீட்டருக்குள் நெருக்கியடித்து வாழ்கிறது. அவர்களுக்கு 64,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடும் ஏரியுமாக நிலம் இருக்கிறது. ஒரு மாவட்டத்தளவு மக்களுக்குத் தனிக்கொடி, தனி நாடாளுமன்றம், தனித் தூதரகங்கள். இந்த மக்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாடும் இல்லை, அரச பரம்பரையும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வந்த ஜெர்மானிய வீரத்துறவிகளின் வழிவந்த நிலப்பிரபுக்கள் நிலத்தை வைத்திருந்தார்கள். போலந்தும் ஸ்வீடனும் ரஷ்யாவும் மாறிமாறி மேலே அமர்ந்தாலும், பண்ணை வீட்டில் ஜெர்மன் பேசுபவனும் வயலில் லாட்விய மொழி பேசுபவனும் இடம் மாறியதே இல்லை. லாட்வியப் பகுதிகளான கூர்லாந்தில் 1817இலும் வித்ஸெமேயில் 1819இலும் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை. படித்து முன்னேறும் லாட்வியன் ஜெர்மானியனாகிவிடுவான் என்பதே அன்றைய ஊரறிந்த விதி. அந்த மொழி குடியானவர்களின் பேச்சு. அதற்கு நகரத்தில் வேலை இல்லை.

அந்த விதியை ஒரு துண்டு அட்டை உடைத்தது. 1850களில் தார்த்து பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிரிஷ்யானிஸ் வால்தெமார்ஸ், தன் அறைக் கதவில் பெயர் அட்டை ஒன்றை வைத்தார். பெயர், படிப்பு, அதன்கீழ் லாட்வியன் என்று ஒரு சொல். பண்ணையாள் ஒருவனும் பல்கலைக்கழக மாணவன் ஒருவனும் ஒரே இனம் என்று கதவில் எழுதி வைப்பது அன்று துணிச்சல். அவருடைய தோழர் யூரிஸ் அலுனான்ஸ் 1856இல் பல நாட்டுக் கவிதைகளை லாட்விய மொழியில் பெயர்த்து ஒரு சிறு நூல் போட்டார். குடியானவன் பேச்சில் எதையும் சொல்ல முடியும் என்று காட்டுவதற்காக. பிறகு கிரிஷ்யானிஸ் பாரன்ஸ் நாட்டுப்பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். கிராமங்களிலிருந்து எழுதி அனுப்பப்பட்ட நாலு வரிப் பாடல்களை விரலகலத் துண்டுச் சீட்டுகளில் படியெழுதி, அதற்கென்று செய்த அலமாரியின் சிறு இழுப்பறைகளில் வகைபிரித்து அடுக்கினார். 1894 முதல் 1915 வரை அவை தொகுதிகளாக வெளிவந்தபோது பாடல்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மன்னர் வரலாறு இல்லாத ஓர் இனம், நடவும் அறுவடையும் கல்யாணமும் சாவும் பாடிய பெண்களின் குரலைத் தன் வரலாறாக வைத்துக்கொண்டது. அந்த அலமாரி இன்றும் ரீகாவில் பத்திரமாக இருக்கிறது.

இனி தெற்குத் திருவிதாங்கூருக்கு வருவோம். இங்கே ஆண்டவர்கள் அந்நியர்கள் கிடையாது. மார்த்தாண்டவர்மாவின் தலைநகரான பத்மநாபபுரம் கல்குளம் தாலுகாவில்தான் இருக்கிறது. 1741இல் டச்சுக்காரர்களை அவர் முறியடித்த குளச்சலும் அங்கேதான். நாஞ்சில் நாடு அந்த சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். ஆனால் அரண்மனை பக்கத்தில் இருந்ததால் ஏழைக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியினர் தலைக்கு வரி கட்டினார்கள். கூலியில்லாமல் அரசுக்கு ஊழியம் செய்தார்கள். பெண்கள் மார்பை மறைத்துச் சேலை போடும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு நடந்த தோள்சீலைப் போராட்டம் கல்குளம், விளவங்கோடு ஊர்களின் தெருக்களில் நடந்தது. 1859இல் வந்த அரசாணை அனுமதி தந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் கூடவே வைத்தது. சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். அரசு அவரைத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தது.

இரண்டு இடத்திலும் எழுத்தைக் கொண்டுவந்தது பெரும்பாலும் வெளியாட்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. லாட்விய மொழியில் பைபிளை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்த்தவர் எர்ன்ஸ்ட் கிளுக் என்ற ஜெர்மானியப் பாதிரியார். தெற்குத் திருவிதாங்கூரில் 1806இல் வந்த ரிங்கல்தௌபேயும், 1818இல் வந்த மீடும் லண்டன் மிஷன் பள்ளிகளைத் தமிழில் தொடங்கினார்கள். இருவர் நோக்கமும் மதம்தான். ஆனால் வேதம் படிக்கக் கற்றவன் பத்திரத்தையும் படிப்பான், சட்டத்தையும் படிப்பான். அவனை அங்கேயே நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. பல்கலைக்கழகம் போன குடியானவன் மகனைப் போலவே, மிஷன் பள்ளியில் படித்து வெளியே வந்த பனையேறியின் பேரனும் ஒரு வாசலில் போய் நின்றான். நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்த ஏ. நேசமணியைப் பற்றி எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைத் தவறாமல் சொல்கிறார்கள். அங்கே உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895இல் பிறந்த அந்த இளம் வக்கீல் முக்காலியில் உட்கார மறுத்தார். முக்காலிகள் வெளியே போயின. தார்த்துவில் கதவில் வைத்த அட்டையும் நாகர்கோவிலில் ஒதுக்கித் தள்ளிய முக்காலியும் என் பார்வையில் ஒரே செயல். இனம் என்ற சொல் மேடைக்கு வருவதற்கு முன்னால், யாரோ ஒருவர் தனக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

திருவிதாங்கூரில் ஆட்சி, மேலே ஆங்கிலத்திலும் கீழே மலையாளத்திலும் நடந்தது. கீழே என்றால் சாதாரண ஆள் அரசைக் கண்ணால் காணும் இடம்: பகுதி ஆபீஸ், தாலுகா கச்சேரி, முன்சீப் கோர்ட். கரம் கட்டிய ரசீதும் நிலப் பிரமாணமும் எந்த மொழியில் இருக்கின்றன என்பது, அதை மடியில் முடிந்துகொண்டு வருகிறவனுக்குச் சின்ன விஷயமாக இருக்க முடியாது. அவனுக்காக அதைப் படித்துச் சொல்பவன் அவனுக்கு மேலே ஆகிவிடுகிறான். சமஸ்தானம் மக்களாட்சியை நோக்கி நகர்ந்தபோது இந்தக் குறை அரசியலானது. 1945இல் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முதலானோர் தொடங்கிய அமைப்பு, மறு ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947இல் நேசமணி அதில் சேர்ந்ததும் அது வலுப்பெற்றது. 1948 தேர்தலில் அந்தக் கட்சி 14 இடங்களை வென்றது. மாங்காட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு முதல் பலியும் அந்த ஆண்டுதான். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமானபோது, மலையாளம் பேசும் பெரும்பான்மைக்குள் தமிழர்களின் விகிதம் மேலும் சுருங்கியது. கட்சி ஒன்பது தாலுகாக்களைக் கேட்டது: தெற்கே நான்கு, அதோடு நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்.

1954 தேர்தலில் 12 இடங்கள். அந்த ஆண்டு பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சரானார். தேவிகுளம், பீர்மேட்டில் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் போராடப் போன தமிழ்த் தலைவர்கள் கைதானார்கள். தெற்கே ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் போனவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சுட்டது ஒரு சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, சொந்த மக்கள் மீது சுட்ட அரசு பதவியில் இருக்கக் கூடாது, தன் கட்சி முதலமைச்சர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டார். கட்சி மறுத்தது, அந்தப் பிளவு வளர்ந்து லோகியா வெளியேறும் வரை போனது. மார்த்தாண்டத்துத் தெருவில் விழுந்தவர்களின் பொருட்டு இந்திய சோஷலிஸ்ட் இயக்கமே உடைந்தது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தந்த அறிக்கை, தெற்குத் தாலுகாக்கள் நான்கையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. பணிக்கர் மலையாளி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செங்கோட்டையில் ஒரு பகுதிதான் கடைசியில் கிடைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கிடைக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது ஒன்று: இது தமிழர் இயக்கமே இல்லை, ஒரு சாதியின் இயக்கம், நாடார்கள் தங்கள் எண்ணிக்கை பலத்துக்குத் தமிழ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இதில் பாதி உண்மை. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் இயக்கத்தின் தோள் நாடார்களுடையதுதான். ஆனாலும் பி.எஸ். மணியும் அப்துல் ரசாக்கும் அதன் முன்னணியில் இருந்தார்கள். தேவிகுளத்தில் தேயிலை கிள்ளியவர்களில் பெரும்பகுதி தலித்துகள். அதைவிட முக்கியமாக, அந்தக் குற்றச்சாட்டை லாட்வியாவின் ஜெர்மானியப் பிரபுக்களும் சொன்னார்கள். லாட்வியர் என்று ஓர் இனம் இல்லை, குடியானவர் என்ற ஒரு வகுப்புதான் உண்டு என்றார்கள். வகுப்பு வேறு, இனம் வேறு என்று பிரிப்பது மேலே இருப்பவருக்கு எளிது. கீழே இருப்பவனுக்கு அவன் சாதியும் அவன் பேச்சும் அவன் கூலியும் ஒரே சுமை. அந்தச் சுமையை இறக்க அவன் எந்தச் சொல்லைப் பிடித்தாலும், அந்தச் சொல் மற்றவர்களுக்கும் இடம் கொடுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சாதியின் பெயரால் கேட்டிருந்தால் அது சில தெருக்களுக்கு மட்டும் உரிய கோரிக்கை. தமிழின் பெயரால் கேட்டதால் அது நாஞ்சில் வேளாளருக்கும் கடற்கரை மீனவருக்கும் தக்கலை முஸ்லிமுக்கும் உரியதாக முடிந்தது. தன் குறையை எல்லோரும் நுழையக்கூடிய ஒரு பெயரில் சொல்லத் தெரிந்துகொண்டது அந்தத் தலைமுறையின் அரசியல் அறிவு.

அடுத்த மறுப்பு மொழி பற்றியது. விளவங்கோட்டுத் தமிழ் மதுரைக்காரருக்குப் பாதி புரியாது; மலையாளமும் தமிழும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படும் ஊர்கள் அங்கே ஏராளம்; இதில் எங்கே கோடு போடுவது என்று கேட்கிறார்கள். உண்மைதான், மொழிகளுக்கிடையே வேலி கிடையாது. ஆனால் லாட்வியாவின் கிழக்குப் பகுதியான லாத்கலேயைப் பாருங்கள். அங்கே பேச்சு வேறு, மதம் கத்தோலிக்கம், மேற்கே லூத்தரன். பல நூறு ஆண்டுகள் போலந்தின் கீழும், பிறகு ரஷ்யாவின் வேறொரு மாகாணத்தின் கீழும் தனியாகக் கிடந்த பகுதி அது. 1917இல் ரேஸெக்னே நகரில் கூடிய மாநாட்டில் லாத்கலே மக்களின் பிரதிநிதிகள் மற்ற லாட்வியர்களோடு சேர்வது என்று முடிவெடுத்தார்கள். ரீகாவின் சுதந்திர நினைவுச்சின்னத்தில் நிற்கும் பெண்ணின் கைகளில் மூன்று நட்சத்திரங்கள், ஒன்று லாத்கலே. பேச்சு வழக்கின் வேறுபாட்டை மொழியியலாளர் அளக்கலாம். யாரோடு சேர்ந்து ஆள விரும்புகிறோம் என்பதை மக்கள்தான் சொல்ல முடியும். நான்கு தாலுகாக்களின் மக்கள் அதை 1948, 1952, 1954 என்று மூன்று முறை வாக்குச்சீட்டில் சொன்னார்கள்.

மொழிக்கொரு மாநிலம் என்றால் நாடு உடைந்துவிடும் என்ற அச்சம் சின்னவர்களுடையது மட்டுமில்லை. 1948இல் தார் ஆணையம் மொழிவழி மாநிலங்களை வேண்டாம் என்றது; நேரு, படேல், பட்டாபி மூவர் குழுவும் தள்ளிப்போடச் சொன்னது. பிரிவினையின் ரத்தம் காயாத நாட்களில் அந்த அச்சத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் லாட்வியாவின் கதை இந்த அச்சத்துக்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. 1918 நவம்பர் 18 அன்று விடுதலையை அறிவித்த அந்த நாட்டின் மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று 1920 ஆகஸ்ட் 11 அன்று சோவியத் ரஷ்யா ஒப்பந்தம் போட்டது. 1940 ஜூனில் அதே ரஷ்யாவின் படை உள்ளே வந்தது. 1941இல் சுமார் 15,000 பேரும், 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் 42,000 பேரும் சைபீரியாவுக்கும் பிற தொலைவிடங்களுக்கும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். இடையில் வந்த நாஜி ஆக்கிரமிப்பில் லாட்வியாவின் யூதர்கள் ஏறக்குறைய முழுவதுமாகக் கொல்லப்பட்டார்கள். சோவியத் யூனியன் மொழிவாரியாகக் குடியரசுகளை வைத்திருந்தது. அவற்றுக்குப் பிரிந்துபோகும் உரிமையைக்கூட அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருந்தது. ஆனால் ஆபீசில் ரஷ்ய மொழி, ஆலையில் ரஷ்ய மொழி, முடிவெடுப்பது மாஸ்கோ. 1989 ஆகஸ்ட் 23 அன்று தாலின் முதல் ரீகா வழியாக வில்னியஸ் வரை சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். 1990 மே 4 அன்று ரீகாவின் அவை 138 வாக்குகளில் விடுதலையை மீட்டது; அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது முழுமையானது. இந்தியா பிரிந்துபோகும் உரிமையை எழுதித் தரவில்லை. மாறாகக் கச்சேரியை மக்கள் மொழியில் நடத்தும் அதிகாரத்தைத் தந்தது. 1956இன் இறுதியிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைச் சென்னை சட்டமன்றம் இயற்றியது. விளவங்கோட்டுக்காரன் இந்தியனாக இருப்பதற்கும் தமிழனாக இருப்பதற்கும் நடுவே சண்டை மூளாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

சொந்த மொழி பேசும் ஆட்சி என்றாலே நல்லாட்சி என்று நான் சொல்லவில்லை. லாட்வியாவின் 1922 அரசியல் சட்டம் 100 உறுப்பினர் கொண்ட சயிமா என்ற அவையை அமைத்தது. குடியரசுத் தலைவரைச் சயிமா தேர்ந்தெடுக்கிறது, ஆட்சியை நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். பிரபுக்களின் பண்ணைகளைப் பிரித்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்ததுதான் புதிய அரசு செய்த முதல் பெரிய காரியம். ஆனால் அந்த அவையை 1934 மே 15 இரவில் கலைத்தவர் ஜெர்மானியரோ ரஷ்யரோ கிடையாது; விடுதலையை அறிவித்த அரசின் முதல் தலைவரான கார்லிஸ் உல்மானிஸ். அவரும் லாட்விய மொழியில்தான் ஆணையிட்டார். பட்டம் தாணுபிள்ளை தேர்தலில் வென்று வந்த தலைவர் என்பதும் 1954இல் துப்பாக்கியைத் தடுக்கவில்லை. மக்களுக்குப் புரியும் மொழியில் ஆட்சி நடந்தால், தவறு நடக்கும்போது அது தவறு என்று அவர்களால் உடனே படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. அவ்வளவே அதன் பயன். அது சிறிய பயன் கிடையாது.

எனக்கு இதில் உறுத்தலாக இருப்பது, கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களின் நிலை. லாட்வியாவின் 1922 சட்டம் இறையாண்மையை லாட்வியா நாட்டு மக்களிடம் வைத்தது. லாட்விய இனத்திடம் வைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு. ஜெர்மானியர், யூதர், ரஷ்யர் எல்லோரும் அந்த மக்களில் அடங்கினார்கள். அவர்கள் மொழிகளில் அரசுப் பள்ளிகள் நடந்தன. 2014இல் சேர்த்த முகவுரைதான் லாட்விய தேசிய இனத்தைத் தனியாகப் பேசுகிறது. நடுவில் நடந்தது அந்த மாற்றத்தை விளக்கும்: 1935இல் நாலில் மூன்று பங்காக இருந்த லாட்வியர் 1989இல் 52 சதவீதமாகியிருந்தார்கள். விடுதலைக்குப் பின், ஆக்கிரமிப்புக் காலத்தில் குடியேறியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை; மொழித் தேர்வும் வரலாற்றுத் தேர்வும் எழுத வேண்டும். இன்றும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கினர் குடிமக்கள் அல்லாதோர் என்ற தனிக் கடவுச்சீட்டுடன், ஓட்டுரிமை இல்லாமல் வாழ்கிறார்கள். 2020 முதல் பிறக்கும் குழந்தைகளுக்காவது இந்த நிலை இல்லை. லாட்வியர்களின் காயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மண்ணில் பிறந்து கிழவியாகிவிட்ட ஒருத்தியை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்துவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இலங்கை 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்ததை அறிந்த நமக்கு அது தெரிய வேண்டும். லாட்வியாவில் ஆக்கிரமிப்பாளன் கொண்டுவந்த மக்கள், இலங்கையில் பிரிட்டிஷ் தோட்டத்துக்குக் கூலியாக இழுத்து வரப்பட்ட மக்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வந்தேறி என்ற சொல் ஒரே மாதிரி வேலை செய்கிறது. தமிழர் பெரும்பான்மையாக இருந்தும் தேவிகுளம் மறுக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளர்கள் நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல என்ற வாதமும் எழுந்தது. கோடு விளவங்கோட்டை ஒரு மாதிரியும் தேவிகுளத்தை இன்னொரு மாதிரியும் அளந்தது. இருந்தாலும் தேவிகுளத்துத் தமிழருக்கும், இந்தப் பக்கம் தங்கிவிட்ட விளவங்கோட்டு மலையாளிக்கும் ஓட்டு போகவில்லை, நிலம் போகவில்லை. மாநிலங்களைப் பிரித்த 1956இலேயே ஏழாம் திருத்தம் வந்து, சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரும் பொறுப்பை மாநிலங்கள் மீது வைத்தது. மார்த்தாண்டம் பக்கம் மலையாளப் பள்ளிகள் தொடர்ந்து நடந்ததும் அந்த ஏற்பாட்டுக்குள்தான்.

இந்த மாவட்டத்தின் 91.75 சதவீதக் கல்வியறிவை இணைப்பின் பலன் என்று காட்டுவது சரியாகாது. மிஷன் பள்ளிகளும் சமஸ்தானத்தின் பள்ளிகளும் முன்பே போட்ட அடித்தளம் அது. பேச்சிப்பாறை அணையையும் சமஸ்தானம்தான் கட்டிவைத்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அங்கிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்ய, களியக்காவிளையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறார்கள். கோடு போட்டதால் கோவில் வழக்கம் முறியவில்லை.

தண்ணீர் அப்படி வரவில்லை. கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரை தாலுகாவில் நெய்யாறு அணை கட்டப்பட்டது. அதன் இடதுகரை சானல் எல்லை தாண்டி வந்து, விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டியது. 2004 முதல் கேரளம் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சானலின் கடைமடையில் நெல் நின்ற ஏலாக்களில் வாழையும் ரப்பரும் ஏறியிருக்கின்றன. விளவங்கோட்டு விவசாயிக்குப் பிரமாணம் தமிழில் இருக்கிறது, தாலுகா ஆபீசில் அவர் பேச்சுக்குத் தமிழில் பதில் கிடைக்கிறது, மனுவையும் அவரே எழுதுகிறார். மடையைத் திறக்கவேண்டிய கச்சேரி மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.